பன்னிரண்டாவது வரி

நேற்று மாலை வரை சுவரில் பதினொரு வரிகள்தான் இருந்தன. இன்று காலை பன்னிரண்டு இருந்தன.

ஆர்கிரோ தலைவிளக்கைச் சாய்த்துக்கொண்டு, பூச்சின் மேல் படாமல் விரலை வரிவரியாகக் கீழே இறக்கி மறுபடி எண்ணினாள். பன்னிரண்டு. மடியிலிருந்த நோட்டைப் பிரித்தாள். அவள் கையாலேயே வரைந்த படம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எண். பதினொன்றுக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு, அதில் அத்தி இலை மாதிரி ஒரு விரிசல். விரிசல் சுவரில் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அதன் நடுவே ஒரு கீறல் வரிசை ஓடியது. அதன்மேல் உப்புப் படிந்து கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஒரே இரவில் படிகிற உப்பு இல்லை அது. நூறு நூறு மழைக்காலங்கள் கசிந்து காய்ந்தால்தான் அப்படி இறுகும்.

பதினாறு நாளாக அவள் இந்தச் சுவரோடுதான் இருந்தாள். ஸ்கினாரித் தீவின் பழைய நகரத்தில், கடலைப் பார்த்த சரிவில், ஒரு வீட்டு முற்றத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து வெட்டிய மழைநீர்த் தொட்டி அது. வாய் குறுகல். உள்ளே இறங்க இறங்கக் குடம் போல அகன்று, அடியில் இருபது பேர் நிற்கலாம். மேலே ஆகஸ்ட் வெயிலில் சிள்வண்டுகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, ஏணியில் பாதி இறங்கியதுமே அந்தச் சத்தம் யாரோ கதவைச் சாத்தினாற்போல அடங்கிவிடும். ஈரச் சுண்ணாம்பும் பழைய கம்பளியும் கலந்த ஒரு வாடை மட்டும் முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் தண்ணீர் இருந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. ஈர வாடைக்கு ஒரு நியாயமும் இல்லை. அதைப் பற்றி அவள் யோசிக்காமல் இருந்துவந்தாள்.

வரிகள் எல்லாமே இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்தன. கூர்மையான ஏதோ ஒன்றால், நடுங்கும் கையால் கீறியவை. ஒவ்வொரு வரியிலும் முதலில் இரண்டு எழுத்து. ‘மூடு’ என்ற சொல்லின் சுருக்கம். பிறகு ஒரு பெயர். கிளியோன். மிக்கா. ஃபிலின்னா. சோசிஸ். மூடியவரின் பெயரா, உள்ளே வைத்து மூடப்பட்டவரின் பெயரா என்று அந்த இரண்டு எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சந்தைவெளியில் கிடைத்த கல்வெட்டுதான் கதையின் மீதியைச் சொன்னது. அரசனின் கப்பல்கள் வருகின்றன என்று கேள்விப்பட்டதும் நகரத்தார் ஒரே பகலில் தீவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். நான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, ‘நகரம் தன்னுடையவர்களில் ஒருவரையும் இழக்கவில்லை’ என்று தெய்வங்களுக்கு நன்றி சொல்லிக் கல் நட்டார்கள். தொட்டியின் அடிச்சேற்றைச் சலித்தபோது பால்பற்கள் கிடைத்தன. நாற்பத்துமூன்று. அடிமைகளின் பிள்ளைகளை நகரத்தார் ‘தன்னுடையவர்கள்’ கணக்கில் சேர்க்கவில்லை என்று ஆர்கிரோவுக்குப் புரிய அன்று ஒரு நிமிஷம் ஆனது.

*

“எண்ணத் தெரியாதவளுக்கு டாக்டர் பட்டம் குடுத்தது யாருடி?” என்று சிரித்தாள் எவாந்தியா.

இருவரும் அத்தி மரத்தடியில் உட்கார்ந்து பார்லி ரொட்டியைத் தக்காளிச் சாற்றில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பத்தொன்பது கோடைகளாக இருவருக்கும் இதே அகழாய்வு, இதே மரம், இதே சாப்பாடு. ஆர்கிரோவின் மகளுக்கு எவாந்தியாதான் ஞானத்தாய். மாதாகோயிலில் எண்ணெய் தடவிய குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் கும்பாரா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேலே என்று தீவில் எல்லோருக்கும் தெரியும்.

“போட்டோவுலயும் இல்ல, கும்பாரா. நேத்து எடுத்த போட்டோவுல அந்த இடம் வெறுமையா இருக்கு.”

“வெளிச்சம் விழுந்த கோணம் அப்படி. நாளைக்குப் பதிமூணு தெரியும், நாளான்னைக்குப் பதினாலு. கண்ணாடி மாத்துன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“இன்னொரு ஆள் பேரு கிடைச்சா நல்லதுதானே. மூடினவங்க பன்னிரண்டு பேருன்னு எழுதிக்கலாம்.”

எவாந்தியா ஆலிவ் கொட்டையைத் தூரத் துப்பினாள். “உனக்கு எப்பவும் ஒரு குற்றவாளி வேணும். இருட்டுல சாகப்போற குழந்தை தன் பேரைத்தான்டி எழுதும். நான் இங்க இருக்கேன், என்னை மறந்துடாதீங்கன்னு.”

“இல்ல. யாரு தன்னை இங்க விட்டுட்டுப் போனாங்களோ, அவங்க பேரைத்தான் எழுதும்.”

இந்தச் சண்டை அவர்களுக்குள் பத்து நாளாக நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக எவாந்தியா விடமாட்டாள், கையை வீசி வீசிப் பேசுவாள். இன்று ரொட்டித் துணுக்குகளை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்துகொண்டாள்.

“எதுவா இருந்தாலும் சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடு. அதுக்கப்புறம் மூடிடலாம்.”

“சனிக்கிழமையா? இன்னும் வடக்குப் பக்கம் தொடவே இல்லையே!”

“வெயில் ஏறுது, கும்பாரா. உன் உடம்பையும் பாரு.” சொல்லும்போது அவள் ஆர்கிரோவின் முகத்தைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள்.

*

மறுநாள் காலை முழுக்க ஆர்கிரோ உப்பைக் கரைத்தாள். பஞ்சை நீரில் நனைத்து ஒற்றுவாள், பொறுப்பாள், மூங்கில் குச்சியால் நெம்புவாள். முதல் இரண்டு எழுத்து மற்ற வரிகளைப் போலத்தான். மூன்றாவதாக ஒரு ‘எ’ வந்தது. அப்புறம் ‘வா’ என்று படிக்கத்தக்க ஒன்று. அவள் கை நின்றது. மேலே சிள்வண்டுகளின் சத்தம் கேட்கவில்லை. இங்கே எப்போதும் கேட்காதுதான், ஆனால் இன்று அந்த இடத்தில் வேறு ஏதோ கேட்டது. முதுகுக்குப் பின்னால், தாழ்வாக, மூக்கடைத்த குழந்தை தூங்கும்போது விடுகிற மாதிரி ஒரு மூச்சு. இழுத்து, சற்றே அடைத்து, விட்டு.

திரும்பினாள். தலைவிளக்கின் வட்டம் சுவரில் ஓடிப் போய்த் திரும்பியது. சல்லடை, வாளி, ஏணியின் கால்கள். மூச்சு நின்றுவிட்டது. அவள் பார்ப்பதற்காகவே அடக்கிக்கொண்டது போல நின்றது.

காற்று, என்று சொல்லிக்கொண்டாள். குறுகிய வாய் உள்ள பாத்திரத்தில் காற்று இப்படித்தான் ஒலிக்கும்.

பதினொரு மணிவாக்கில் பெயர் முழுசாகத் தெரிந்தது.

எவாந்தியா.

பழைய பெயர்தான். அந்தக் காலத்துப் பெண்களுக்கும் இருந்த பெயர்தான், கல்லறைக் கற்களில் அவளே படித்திருக்கிறாள். தற்செயல். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அக்குளிலிருந்து வியர்வை சில்லென்று இறங்கியது. மூடியவர், எவாந்தியா. பத்து நாளாக அவளே வாதாடிய பொருளை இப்போது சுவர் அவளிடம் சொன்னது.

அந்த நேரத்தில்தான் வெளிச்சம் போயிற்று.

மேலே இருந்த வட்ட வானம் ஓரத்திலிருந்து கருத்து, பிறை போலாகி, அணைந்தது. தலைவிளக்கும் ஒருமுறை மினுக்கி இறந்தது. ஆர்கிரோ ஏணியைத் தேடிக் கையை நீட்டினாள். இருட்டு கண்ணுக்குள் ஈரத்துணி மாதிரி அழுந்தியது. அப்போது அவள் கால்சட்டையின் ஓரத்தை, முழங்காலுக்குச் சற்று மேலே, ஏதோ பிடித்துக்கொண்டது. இழுக்கவில்லை. கூட்டத்தில் அம்மா தொலைந்துவிடக் கூடாதென்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

“எவாந்தியா! திற! திற!”

சரசரவென்று கித்தான் விலகியது. வெயில் தொப்பென்று உள்ளே விழுந்தது. மேலே வட்டத்தில் எவாந்தியாவின் தலை.

“என்னடி இது, கொலை விழுந்த மாதிரி? போட்டோ எடுக்க நிழல் வேணும்னு நீதானே நேத்து கேட்ட?”

ஆர்கிரோ குனிந்து காலைப் பார்த்தாள். யாருமில்லை. கால்சட்டைத் துணியில் நாலு விரல் அகலத்துக்குக்கூட வராத ஒரு கசங்கல். அதில் ஈரம்.

ஏணியில் ஏறி வந்தபோது எவாந்தியா கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கை சூடாக, பழக்கமானதாக இருந்தது. பிரசவத்தின்போது அவள் இறுகப் பற்றிக்கொண்டிருந்த அதே கை. ஆர்கிரோ பெயரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. முதன்முறையாக அந்தக் கையைச் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் போலிருந்தது.

*

மதியம் எவாந்தியா சேமிப்பறைக்குப் போய்விட்டாள். காவல்காரர் பரஸ்கெவாஸ் வேலியோரம் ஆடுகளை விரட்டிவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அறுபது தாண்டிய மனிதர். பழைய நகரத்தின் ஒவ்வொரு கல்லையும் தெரியும், ஆனால் இந்தத் தொட்டிக்குப் பத்தடிக்குள் வரமாட்டார்.

“அப்போ திங்கக்கிழமையோட எல்லாம் முடிஞ்சது,” என்றார். “நல்லதுதான் பண்ணினீங்க, ஆர்கிரோம்மா. இதைத் திறந்திருக்கவே கூடாது. கான்கிரீட் ஊத்திட்டா யாரு வந்து எட்டிப்பார்க்கப் போறாங்க.”

“என்ன கான்கிரீட், மாமா?”

அவர் விசிறுவதை நிறுத்தினார். “ஓட்டல்காரங்க லாரி. திங்கக்கிழமை வருதே. நீச்சல்குளம் இங்கதானே வருது? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க. துறைமுகத்துல போர்டுல ஒட்டியிருக்கு.”

“நான் போடலை.”

“ரெண்டு பேரு கையெழுத்தும் இருக்கே,” என்றார் பரஸ்கெவாஸ். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஆடுகளின் பக்கம் மெதுவாக நடந்துபோய்விட்டார்.

ஸ்கூட்டரில் துறைமுகம் கால்மணி நேரம். ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தது. ஜன்னல் பலகைகள் எல்லாம் சாத்தி, தெருவில் ஒரு பூனைகூட இல்லாமல், சுண்ணாம்படித்த சுவர்கள் கண்ணைப் பறித்தன. அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தாள் மூலையில் சுருண்டு தொங்கியது. ‘பிற்காலத்துக் கால்நடைத் தொட்டி. எழுத்துகளோ பொருள்களோ எதுவும் கிடைக்கவில்லை. நிரப்புவதில் ஆட்சேபம் இல்லை.’ கீழே எவாந்தியாவின் கையெழுத்து. அதன் பக்கத்தில் ஆர்கிரோவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோகிற அவளுடைய வழக்கம் உட்பட, அச்சு அசல்.

அந்தச் சுழிப்பை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருத்தர் புருஷன், செத்துவிட்டார்.

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், அடியில் உட்கார்ந்துகொண்டது. தேதியைப் பார்த்தாள். ஜூன் மூன்று. தொட்டியில் வேலை தொடங்குவதற்கும் முன்னால். பதினாறு நாளும் பால்பற்களை அவள் பஞ்சில் துடைத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கியபோது, மேலே நின்று “பாவம்டி” என்று சொன்னவள், எல்லாவற்றையும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.

*

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. நிழல்கள் காலுக்கடியில் ஒட்டிக்கிடந்தன. அத்தி மரத்தடியில் எவாந்தியாவின் பை இருந்தது, அவள் இல்லை. தொட்டியின் வாயிலிருந்து சத்தம் வந்தது. கரக், கரக், கரக். ஆர்கிரோவுக்குத் தெரிந்த சத்தம்தான், ஆனால் அங்கே கேட்கக் கூடாத சத்தம்.

குனிந்து பார்த்தாள். கீழே தலைவிளக்கு ஒன்று சுவரை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. எவாந்தியா முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கம்பி பிரஷைப் பிடித்து, பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புப் பொடி அவளைச் சுற்றிப் புகையாக நின்றது.

“கும்பாரா,” என்றாள் ஆர்கிரோ.

பிரஷ் நின்றது. எவாந்தியா தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் வெள்ளை.

“துறைமுகத்துக்குப் போனியா?”

“போனேன்.”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“என் கையெழுத்தைப் போட்டிருக்கே.”

“நீ போட்டிருக்க மாட்டே!” குரல் தொட்டிக்குள் உருண்டு பெரிதாகி மேலே வந்தது. “ஒரு தொட்டிடி. ஒரே ஒரு தொட்டி. அதை ஓட்டல்காரங்களுக்குக் குடுத்தா வடக்குச் சரிவு முழுக்க நமக்கு. அரங்கம், கோயில், தெரு எல்லாம். எட்டு வருஷத்துக்குத் தோண்டலாம். உனக்கும் சேர்த்துத்தான் பேசினேன். இதுக்காக முழு நகரத்தையும் விட்டுடச் சொல்றியா?”

“நாற்பத்துமூணு பல்லு, எவாந்தியா.”

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க! யாருக்கு என்ன நஷ்டம்? யாரு வந்து கேட்கப்போறா?” மூச்சிரைத்தது அவளுக்கு. பிரஷால் சுவரைக் காட்டினாள். “நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? என்னை மிரட்ட என் பேரை நீயே கீறி வச்சிருக்கே. பார்த்தேன். உப்பெல்லாம் தடவி, நல்லாத்தான் பண்ணியிருக்கே. கேவலமா இல்ல?”

“நான் எழுதலை.”

“அப்போ பேய் எழுதுச்சா?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் இறங்கிவிட்டது. “மத்ததெல்லாம் போயிடுச்சு. இது மட்டும் போக மாட்டேங்குது. எவ்வளவு தேய்ச்சாலும் இன்னும் ஆழமா தெரியுது. எதைக் கொண்டுடி கீறின?”

ஆர்கிரோ சுவரைப் பார்த்தாள். பதினொரு பெயரும் போய்விட்டன. கிளியோன், மிக்கா, ஃபிலின்னா, சோசிஸ். பொடியாக எவாந்தியாவின் தலைமுடியில் உட்கார்ந்திருந்தார்கள். மூடியவள் இவள்தான் என்று சுவர் காலையிலேயே சொன்னது. திங்கட்கிழமை லாரி வரும். அதற்குள் இவள் ஆர்கிரோவையும் உள்ளே வைத்து மூடுவாள். காலையில் கித்தான் இழுத்தது ஒத்திகை. அந்த நினைப்பு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் அது போகவில்லை.

“ஏறி வர்றேன். மேலே வந்து பேசலாம். ஏணியைப் பிடி.”

ஆர்கிரோ ஏணியைப் பிடித்தாள்.

அலுமினிய ஏணி. கனமே இல்லை. வெயிலில் கொதித்தது. எவாந்தியா பிரஷைக் குனிந்து எடுப்பதற்குள் அது பாதி மேலே வந்துவிட்டது.

“ஏய். என்ன பண்றே?”

மீதியும் வந்தது. புல்லில் கிடத்தினாள்.

“ஆர்கிரோ. விளையாடாதே.”

ராத்திரியில் தொட்டி வாயைச் சாத்தி வைக்கிற இரும்பு மூடி கீலில் நின்றிருந்தது. அதன் ஓரத்தில் கை வைத்தாள். கால்மணி நேரம். இருட்டு எப்படியிருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும். அவ்வளவுதான். கால்மணி நேரம்.

“சாயங்காலம் திறக்கிறேன்,” என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள்.

மூடி விழுந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள்.

*

மூடியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். துணியைத் தாண்டித் தொடை சுட்டது. எழவில்லை.

முதலில் வசவு. தீவுக்காரிகளுக்கு மட்டுமே தெரிந்த, கப்பல்காரர்களின் வசவு. பிறகு சிரிப்பு. “சரி, பழி தீர்த்தாச்சு, திற.” பிறகு வாளியால் இடிக்கிற சத்தம். இரும்பு அவள் உடம்புக்கடியில் அதிர்ந்தது. ஏழு தடவை. எட்டு.

பிறகு, “விளக்கு போயிடுச்சு.”

ஆர்கிரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிஷம்.

“ஆர்கிரோ. இங்க... கீழே யாரு இருக்கா?”

சிள்வண்டுகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில். கடல்கூட.

“தனாயி பேரால கேட்கிறேன். உன் மக பேரால. திற. என் துணியைப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க.”

எழ வேண்டும். எழுந்துவிட வேண்டும். உட்கார்ந்தே இருந்தாள். ஜூன் மூன்று என்று வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தது சொன்னது. ஜூன் மூன்று.

கீழே அழுகை. அது எவாந்தியாவின் அழுகை. பிறகு அது தேய்ந்தது. பிறகு அவள் பேசினாள். ஆர்கிரோவிடம் அல்ல. தணிந்த குரலில், தூக்கம் வராத பிள்ளையிடம் பேசுவதுபோல.

“சரிடா... சரி. அழாதே. வந்துடுவாங்க. சாயங்காலம் வந்துடுவாங்க.”

பல குரல்கள் சேர்ந்து ஏதோ கேட்டன. மிக மெல்லிய குரல்கள். ஆர்கிரோவுக்குப் பழைய மொழி தெரியும். இருபது வருஷம் கல்லில் படித்திருக்கிறாள். காதால் கேட்டதில்லை.

எப்போ, என்று கேட்டன.

பிறகு கீறல் சத்தம். ஒரு கை அல்ல. நிறையக் கைகள். அழித்த இடத்தில் மறுபடி எழுதுகிற கைகள். கிர்ர். கிர்ர்.

யாரையும் குற்றம் சொல்கிற அவசரம் அதில் இல்லை. நாங்கள் இங்கே இருக்கிறோம். மறந்துடாதீங்க. அந்தச் சத்தம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாளாக எவாந்தியா சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். சுவரில் இருந்தது மூடியவர்களின் பெயர் அல்ல. உள்ளே இருப்பவர்களின் பெயர். எவாந்தியாவின் பெயரும் அப்படித்தான். நேற்றே எழுதிவைத்துவிட்டார்கள். மூடப்போவது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயரைத்தான் எழுதவில்லை.

ஆர்கிரோ மூடியிலிருந்து உருண்டு விழுந்தாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். தோல் பொசுங்கியது. இழுத்தாள். வரவில்லை. காலால் உதைத்தாள். வந்தது. மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

“கும்பாரா! கும்பாரா, இதோ! இதோ வந்துட்டேன்!”

வெயில் நேராக உள்ளே இறங்கியது. அடியில் ஒரு வெள்ளை வட்டம். வட்டத்தில் யாருமில்லை. ஈர வாடை குப்பென்று ஏறியது. ஏணியை இழுத்து வந்து உள்ளே விட்டாள். விட்டுக்கொண்டே பேசினாள், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். மன்னிச்சுடு, ஏறி வா, கெட்டியா பிடிச்சிருக்கேன், ஏறி வா. ஏணியின் கால் தரையில் இடித்தது. அவள் மண்டியிட்டு இரு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டாள்.

வட்டத்தின் ஓரத்து இருட்டிலிருந்து ஒரு கை வந்தது. முதல் படியைப் பிடித்தது.

மிகச் சின்னக் கை. சுண்ணாம்பைப் போல வெளுத்தது.

அடுத்த கை. ஏணி சற்றே கனத்தது. பிறகு கீழே இன்னொரு கை, இன்னொன்று. ஒருவர் பின் ஒருவராக. தள்ளாமல். அவசரப்படாமல். இத்தனை காலம் பொறுத்தவர்கள் பொறுத்தபடியே. முதல் தலை வெளிச்சத்துக்குள் வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

கையை விட முடியவில்லை. விரல்கள் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

கீழே, வெள்ளை வட்டத்தின் விளிம்பில், அந்த வரிசையின் கடைசியில், இரண்டு பக்கமும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்தபடி, தன் முறை வரட்டும் என்று எவாந்தியா நின்றுகொண்டிருந்தாள்.